மூன்று தரம் சொல்வதற்கு முன்: இணைய ஏலத்தில் பொருளை இடையில் எடுத்துவிடும் விற்பனையாளர்



ஏலம் என்பது நம் மக்களுக்குப் புதிய செய்தியன்று. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்ததும், அம்மனுக்குச் சார்த்திய சேலை, கலசத்துத் தேங்காய், எலுமிச்சம்பழம் ஆகியவற்றைக் கோயில் நிர்வாகத்தார் உயர்த்திப் பிடித்து விலை கேட்பது வழக்கம். ஒருவர் ஐம்பது வெள்ளி என்பார். இன்னொருவர் எழுபது என்பார். “ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்ற குரலோடு விலை முடிந்துவிடும். அந்த மூன்றாவது தரத்துக்குப் பிறகு எவரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. பணத்தை அடுத்த திருவிழாவுக்குள் கட்டலாம் என்று தவணை கொடுக்கும் கோயில்களும் உண்டு. சபை முழுவதும் சாட்சியாக இருப்பதால் சொன்ன சொல் அங்கே நிற்கிறது.

ஏலம் என்ற சொல்லுக்கும் நம் மலாக்காவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. போர்த்துகீசியர் இதனை ‘லெய்லாவ்’ என்றனர். அந்தச் சொல்லிலிருந்தே தமிழில் ‘ஏலம்’ பிறந்தது என்று அகராதி வல்லோர் கூறுவர். மலாய் மொழியில் வழங்கும் ‘லேலோங்’ என்ற சொல்லும் அதே மூலத்தைச் சேர்ந்ததே. 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் பிடித்த இந்தத் துறைமுகத்தை 1641இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். ஆட்சிகள் மாறின, சொல் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

இன்று இந்த ஏலம் கோயில் முற்றத்தையும் கடந்து கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பழைய நாணயம், அஞ்சல் தலை, பித்தளைக் குத்துவிளக்கு, மடிக்கணினி, மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகம் என்று எதுவும் இணையத்தில் ஏலத்திற்கு வருகிறது. ஈபே போன்ற உலகத் தளங்களில் இது முறையாக நடைபெறுகிறது. முகநூல் குழுக்களிலோ, பொருளின் படத்தின் கீழே ஒருவர் பின் ஒருவராக விலையை எழுதுவதே ஏலமாகிவிடுகிறது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மஸ்ஜித் தானாவிலும் வாழும் நம் குடும்பங்கள் இவற்றில் வாங்குகின்றன. சில குடும்பங்கள் விற்கவும் செய்கின்றன.

இந்த இணைய ஏலத்தில் அடிக்கடி எழும் ஒரு தொல்லையைப் பற்றியே இன்று நாம் பேசப்போகிறோம். ஏலம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நாம் கேட்ட விலையே எல்லாவற்றிலும் உயர்ந்ததாக நிற்கிறது. திடீரென்று விற்பவர் பொருளை எடுத்துவிடுகிறார். அவர் அப்படிச் செய்யலாமா? செய்தால் நமக்கு ஏதாவது உரிமை உண்டா? அந்த நேரத்தில் நாம் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன? இவையே நம் முன் உள்ள வினாக்கள்.

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லுகிறோம். அவர் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. மகன் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் வேளையில் ஒரு பழைய மடிக்கணினியாவது வாங்கித் தர வேண்டும் என்று பணம் சேர்த்து வந்தார். ஓர் ஏலத்தில் 420 வெள்ளி கேட்டார். நான்கு நாள்கள் அவர் கேட்ட விலையே மேலே நின்றது. இதை நம்பி, பட்டணத்துக் கடையில் 550 வெள்ளிக்குக் கிடைத்த வேறொரு கணினியை வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் மாலை ஏல அறிவிப்பே மறைந்துவிட்டது. சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: “ஏலத்தை மூடிவிட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் 600 வெள்ளி. இன்றிரவே இந்தக் கணக்கில் போடுங்கள். வேறு இருவர் காத்திருக்கிறார்கள்.”

அந்தத் தந்தை பணத்தைப் போடுவதற்கு முன் மகனை அழைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். பணம் போட வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம். பொருளை நேரில் காட்டுங்கள், காட்டியவுடன் பணம் தருகிறோம் என்று எழுதச் சொன்னோம். அதற்கு மறுமொழி வரவேயில்லை. இரண்டு நாள் கழித்து அதே படம், அதே கீறல் விழுந்த மூடி, வேறொரு பெயரில் மறுபடியும் ஏலத்திற்கு வந்திருந்தது. அந்தக் குடும்பம் பணத்தை இழக்கவில்லை. ஆனால், ஐந்து நாளும் கடையில் கிடைத்த கணினியும் போயின. பள்ளி திறக்கும் நாளன்று பையன் கையில் கணினி இல்லை.

இனி, சட்டம் இதைப் பற்றி என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம்.

ஏலத்தைப் பற்றிய பழைய விதி இங்கிலாந்தில் உருவானது. ஏலத்தில் விலை கேட்பது, “இந்த விலைக்கு நான் வாங்கத் தயார்” என்று வாங்குபவர் முன்வைக்கும் ஒரு கோரிக்கை மட்டுமே. ஏலம் விடுபவர் சுத்தியலைத் தட்டும்போதுதான் அக்கோரிக்கை ஏற்கப்படுகிறது. அதுவரை ஒப்பந்தம் இல்லை. 1789ஆம் ஆண்டிலேயே ஒரு வழக்கில் இவ்வாறு தீர்ப்பாயிற்று. அதில் பின்வாங்கியவர் விலை கேட்டவர். சுத்தியல் விழுவதற்கு முன் அவர் விலகிக்கொண்டது சரியே என்று நீதிமன்றம் கூறியது. வாங்குபவருக்கு இந்தச் சுதந்திரம் உண்டென்றால், விற்பவருக்கும் அது உண்டு என்பது இயல்பான முடிவாயிற்று.

1873ஆம் ஆண்டு வழக்கு இன்னும் தெளிவானது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் அலுவலகத் தளவாடங்கள் ஏலத்திற்கு வருகின்றன என்று விளம்பரம் வந்தது. அதை நம்பி ஒருவர் லண்டனிலிருந்து புறப்பட்டுப் போனார். அவர் தேடிச் சென்ற தளவாடங்களை ஏலக்காரர் விற்பனைக்கு விடாமலே எடுத்துவிட்டார். வீணான பயணச் செலவையும் நேரத்தையும் ஈடு செய்யுமாறு அவர் வழக்குத் தொடுத்தார், தோற்றுப்போனார். ஏலம் நடக்கும் என்று விளம்பரம் செய்வது, இன்ன பொருளைக் கட்டாயம் விற்பேன் என்று கொடுக்கும் வாக்கு ஆகாது என்பதே தீர்ப்பு.

இதைக் கேட்டவுடன், அப்படியானால் விற்பவர் வைத்ததே சட்டமா என்று நேயர்கள் நினைக்கக்கூடும். அப்படியும் இல்லை. “எவ்வளவு குறைந்த விலையானாலும் கொடுத்துவிடுவேன்” என்று சொல்லி ஏலம் விட்டால் நிலைமை மாறிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. எஞ்சின்களைச் சோதிக்கும் இரண்டு புதிய இயந்திரங்கள், அடிமட்ட விலை எதுவும் இல்லை என்ற நிபந்தனையின் பேரில் ஏலத்திற்கு வந்தன. அவை ஒவ்வொன்றின் விலையும் 14,000 பவுனுக்கு மேல். ஆனால் அன்று அவற்றைக் கேட்க ஆளில்லை. ஒருவர் மட்டும் தலைக்கு 200 பவுன் என்று கேட்டார். இவ்வளவு மலிவாகக் கொடுப்பதா என்று ஏலக்காரர் பொருளை எடுத்துவிட்டார். கேட்டவர் வழக்குப் போட்டார். அடிமட்ட விலை இல்லை என்று சொன்ன பிறகு எடுத்தது தவறு என்று கூறி, 27,600 பவுன் இழப்பீடு கொடுக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது.

இவை மனிதர் நேரில் கூடிய ஏலங்கள். இணைய ஏலத்தில் சுத்தியலும் இல்லை. மூன்று தரம் என்று சொல்வாரும் இல்லை. அங்கே கடிகாரம்தான் ஏலக்காரர். ஆகவே, கடிகாரம் ஓடி முடிவதற்குள் விற்பவர் விலகலாமா என்ற வினா புதிதாக எழுந்தது. இதற்கு மிகத் தெளிவான விடை ஜெர்மனி நாட்டிலிருந்து கிடைத்தது.

அங்கே ஒருவர் தம்முடைய வோல்க்ஸ்வேகன் பஸாட் காரை ஈபே தளத்தில் 1 யூரோ தொடக்க விலையில் ஏலத்திற்கு விட்டார். ஒருவர் 1 யூரோ கேட்டார். 555 யூரோ 55 காசு வரை போகத் தயார் என்றும் பதிவு செய்து வைத்தார். சில மணி நேரத்திற்குள் கார்க்காரர் ஏலத்தை முறித்தார். வெளியே 4,200 யூரோ கொடுக்க ஒருவர் கிடைத்துவிட்டார் என்பதே காரணம். அப்போது ஏலத்தில் நின்ற விலை வெறும் 1 யூரோ. கார் 5,250 யூரோ பெறும். வழக்கு நாட்டின் மிக உயர்ந்த உரிமையியல் நீதிமன்றம் வரை போயிற்று. 2014ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் தீர்ப்பு வந்தது. காரின் மதிப்பில் 1 யூரோவைக் கழித்து, 5,249 யூரோவை விற்பவர் இழப்பீடாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. குறைந்த விலையில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்று எண்ணி அவரே அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார். அதில் உள்ள நட்ட அபாயமும் அவரையே சேரும் என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பின் அடிப்படையை நாம் நன்கு கவனிக்க வேண்டும். அந்நாட்டில் தளத்தின் விதிமுறைகளை விற்பவர், வாங்குபவர் இருவருமே ஏற்றுக்கொண்டிருந்தனர். பொருளை ஏலத்தில் வைப்பதே கட்டுப்படுத்தும் ஒரு முன்மொழிவு என்றும், தகுந்த காரணமின்றி அதை முறிக்கலாகாது என்றும் அந்த விதிமுறைகள் கூறின. நீதிமன்றம் அவற்றையே கைக்கொண்டது. தகுந்த காரணம் இருந்தால் விலகலாம் என்பதையும் அதே நீதிமன்றம் காட்டியிருக்கிறது. ஏலத்திற்கு விட்ட ஒரு கேமரா திருட்டுப் போய்விட்டது என்று ஒருவர் ஏலத்தை நிறுத்தினார். 70 யூரோ கேட்டிருந்தவர் ஆயிரத்துக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்காடினார். 2011ஆம் ஆண்டில் அந்த வழக்குத் தள்ளுபடியாயிற்று. கையில் இல்லாத பொருளை யார்தான் கொடுக்க முடியும்?

இன்னொரு பக்கமும் உண்டு. ஏலம் முறிந்தால் வழக்குப் போடலாம் என்ற ஆசையினாலேயே, பார்க்கும் ஏலத்தில் எல்லாம் 1 யூரோ கேட்டு வைத்துக் காத்திருந்தவர்களும் அங்கே தோன்றினார்கள். ‘முறிவு வேட்டைக்காரர்’ என்று பொருள்படும் ஒரு சொல்லே ஜெர்மன் மொழியில் வழக்குக்கு வந்துவிட்டது. அத்தகையோர் உரிமையைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கூறி நீதிமன்றங்கள் கைவிரித்ததும் உண்டு. விற்பவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பவர் தாமும் நேர்மையோடு கேட்டிருக்க வேண்டும்.

ஏலம் முடிந்த பிறகு மறுப்பது வேறு வகை. 2007ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து வகையைச் சேர்ந்த ‘விர்ராவே’ விமானம் ஒன்று ஈபேயில் 1,50,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் முடிந்தது. அதைவிட 1,00,000 டாலர் அதிகமாகத் தர வேறொருவர் இருந்ததால் உரிமையாளர் கொடுக்க மறுத்தார். ஏலத்தில் வென்றவருக்கே விமானத்தைக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. இணையத்தில் முடிந்த ஏலமும் ஏலமே என்பது இதனால் உறுதியாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டில் பொருள் விற்பனைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அது முதலில் மலாய் மாநிலங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. நீரிணைக் குடியேற்ற நாடுகளாக இருந்த மலாக்காவும் பினாங்கும் அதில் சேரவில்லை. இங்கே ஆங்கிலேயச் சட்டமே நடந்து வந்தது. 1990ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் மலாக்காவுக்கும் பினாங்குக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கு முன் புலாவ் செபாங்கில் நடக்கும் விற்பனைக்கு ஒரு சட்டம், எல்லையைக் கடந்து தம்பினில் நடக்கும் விற்பனைக்கு வேறு சட்டம் என்று இருந்தது. இன்று இரண்டுக்கும் ஒரே சட்டம்.

அந்தச் சட்டம் பழைய ஆங்கிலேய விதியையே பின்பற்றுகிறது. சுத்தியல் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்கும்போதுதான் ஏல விற்பனை முடிவடைகிறது. அதுவரை கேட்டவர் தம் விலையைத் திரும்பப் பெறலாம். முன்கூட்டிச் சொல்லாமல் விற்பவர் தாமே ஏலம் கேட்பதும், தம் ஆளை வைத்துக் கேட்பதும் சட்டத்திற்கு மாறானவை. பொய்யாக விலை கேட்டு ஏற்றியிருந்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம். இணையத்தில் செய்துகொண்ட ஒப்பந்தம் என்ற ஒரே காரணத்தால் அது செல்லாததாகிவிடாது என்பதை 2006ஆம் ஆண்டு மின்னியல் வாணிபச் சட்டம் உறுதி செய்கிறது.

ஆகவே, நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இது. ஏல நேரம் முடிவதற்கு முன் விற்பவர் விலகிவிட்டால், நம் நாட்டில் அந்தப் பொருளைக் கட்டாயப்படுத்தி வாங்குவது எளிதன்று. தளத்தின் விதிமுறையோ, விற்பவர் எழுதிக் கொடுத்த வாக்கோ நமக்குத் துணை நின்றால்தான் வலு உண்டு. ஏல நேரம் முடிந்து, நமக்கே விற்கப்பட்டது என்று உறுதியான பின் அவர் மறுத்தால், நம் பக்கம் வலுவானது. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைத் தராவிட்டால், நம் பக்கம் மிகவும் வலுவானது. இம்மூன்று நிலைகளையும் குழப்பிக்கொள்ளாதவர் வீண் சண்டையில் இறங்கமாட்டார். நியாயமான உரிமையையும் விட்டுவிடமாட்டார்.

விற்பவர் இடையில் விலகுவதெல்லாம் மோசடி என்று எண்ணிவிடவும் கூடாது. பொருள் கீழே விழுந்து உடைந்திருக்கலாம். விளக்கத்தில் தவறு நேர்ந்திருக்கலாம். வீட்டில் ஒருவர் விற்க வைத்ததை இன்னொருவர் வேண்டாம் என்று தடுத்திருக்கலாம். இப்படிப்பட்டவர் காரணத்தைச் சொல்லுவார். கேட்டால் விடை தருவார். விலை ஏறவில்லை என்பதற்காகவோ, வெளியே கூடுதல் விலை கிடைத்ததற்காகவோ முறிப்பவர் பெரும்பாலும் வாய் திறக்கமாட்டார். மூன்றாவது வகையினர்தாம் ஆபத்தானவர்கள். ஏலத்தைத் தூண்டிலாக வைத்து, ஆசைப்பட்டவர் யார் என்று கண்டுபிடித்து, பின் ஏலத்தை மூடிவிட்டுத் தனியே பேரம் பேச வருபவர்கள் இவர்கள்.

இனி, வாங்க விரும்பும் நேயர்கள் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, விலை கேட்பதற்கு முன் விதிமுறையைப் படியுங்கள். விற்பவர் எப்போது விலகலாம், எப்போது விலகக் கூடாது என்று தளத்துக்குத் தளம் விதி மாறும். கடைசிச் சில மணி நேரத்தில் பொருளை எடுக்கவிடாமல் தடுக்கும் தளங்களும் உண்டு. முகநூல் குழுவானால், விதியை எழுதியவரும் காப்பவரும் குழுவின் நிர்வாகியே. எழுதப்பட்ட விதி எதுவும் இல்லாத குழுவில் நடப்பதை ஏலம் என்று நம்புவது கடினம்.

இரண்டாவது, விற்பவரைப் பாருங்கள். எவ்வளவு நாளாக விற்று வருகிறார், முன்பு வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், இதே பொருளை முன்பும் வைத்து எடுத்திருக்கிறாரா என்று தேடுங்கள். இணையத்தில் வியாபாரம் செய்வோர் தம் பெயர், முகவரி, தொடர்பு எண், முழு விலை முதலிய விவரங்களை வெளியிட வேண்டும் என்று 2012ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் விதி வந்துவிட்டது. அவற்றை மறைப்பவரிடம் நாம் ஏன் போக வேண்டும்?

மூன்றாவது, எல்லாவற்றையும் பதிவு செய்து வையுங்கள். ‘எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா’ என்பது நம் பழமொழி. பொருளின் படம், விளக்கம், முடியும் நேரம், நீங்கள் கேட்ட விலை, விற்பவரின் பெயர் ஆகிய எல்லாம் தெரியும்படி அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அறிவிப்பு மறைந்த பிறகு தேடினால் ஒன்றும் கிடைக்காது.

நான்காவது, ஏலம் முடியும் வரை பொருள் நம்முடையது அன்று என்பதை மறவாதீர்கள். வேறு நல்ல பொருள் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம். விதி இடம் கொடுக்கும்போது உங்கள் விலையை முறைப்படித் திரும்பப் பெற்றுக்கொண்டு அதை வாங்குங்கள். பள்ளி திறக்கும் நாளுக்கோ திருமண நாளுக்கோ கட்டாயம் தேவைப்படும் பொருளை ஏலத்தை நம்பி விடாமல், கடையில் வாங்குவதே நல்லது.

ஐந்தாவது, பொருளை எடுத்துவிட்டார் என்று கண்டால் கோபத்தில் வசை எழுத வேண்டாம். “இன்ன நாள், இன்ன நேரத்தில் நான் இவ்வளவு கேட்டிருந்தேன். நீங்கள் விலகியதன் காரணத்தை அறிய விரும்புகிறேன்” என்று இரண்டு வரி மரியாதையாக எழுதுங்கள். மறுமொழி இல்லையென்றாலும், காரணம் பொருந்தவில்லையென்றாலும், தளத்திடமோ குழுவின் நிர்வாகியிடமோ முறையிடுங்கள். ஒரு முறையீடு பெரிதாகத் தோன்றாது. பலர் முறையிட்டால் அவர் கணக்கே முடங்கக்கூடும்.

ஆறாவது, இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஏலத்தை மூடிவிட்டு வெளியே வா என்று அழைப்பவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தளத்திற்கு வெளியே போனவுடன் தளத்தின் பாதுகாப்பும் போய்விடும். அவசரப்படுத்துவதே ஆபத்தின் அறிகுறி. காவல்துறையின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, அவற்றின் மீது முன்பே புகார் உண்டா என்று பார்க்கலாம். அங்கே புகார் இல்லை என்பதாலேயே அவர் நல்லவர் என்று கொள்ளவும் வேண்டாம். புதிய கணக்காகவும் இருக்கலாம். பணத்தைப் போட்டபின் ஏமாற்றப்பட்டதாக அறிந்தால், உடனே உங்கள் வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் அழைத்துச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகாரும் செய்யுங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வெட்கப்பட்டு மூடி மறைப்பதால் பணம் போகும் தூரம்தான் கூடும்.

ஏழாவது, வியாபாரியிடம் பணம் கட்டிப் பொருள் வராவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் மன்றம் இது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்தது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் அங்கே வாதாடுவதில்லை. நம் வாயாலேயே நம் கதையைச் சொல்லலாம். மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத வியாபாரி குற்றவாளியாவார். ஆனால், தம் வீட்டுப் பழைய பொருளை ஒருமுறை விற்கும் தனிமனிதர் வியாபாரி ஆகமாட்டார். அவர் மீதான வழக்கை இந்த மன்றம் ஏற்காது. கீழ்நிலை நீதிமன்றத்தில் உள்ள சிறு கோரிக்கை நடைமுறையே அதற்கு வழி. விற்கும் எண்ணமில்லாமல் ஒரு விலையைக் காட்டி ஆள் பிடிக்கும் தூண்டில் விளம்பரத்தையும் அதே 1999ஆம் ஆண்டுச் சட்டம் வியாபாரிகளுக்குத் தடை செய்கிறது. அதைப் பற்றி அமைச்சின் கிளை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

வாங்குபவருக்குச் சொன்னது போதும். விற்பவராக இருக்கும் நேயர்களுக்கும் சில வார்த்தைகள் உண்டு. நம் தோட்டத்து வீடுகளில் பாட்டி காலத்துக் குத்துவிளக்கு, செப்புக் குடம், பழைய நாணயம், தோட்டக் கடைகளில் புழங்கிய டோக்கன் என்று எத்தனையோ கிடக்கின்றன. அவற்றை விரும்பிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். நல்ல விலை கிடைக்கும் என்று பிள்ளைகள் அவற்றைப் படம் எடுத்து ஏலத்தில் போட்டுவிடுகிறார்கள். போடுவதற்கு முன் வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். பொருளை நன்றாகச் சோதித்து, குறையை மறைக்காமல் எழுதுங்கள். எந்த விலைக்குக் கீழே கொடுக்க மனம் வராதோ அந்த விலையிலேயே தொடங்குங்கள். அல்லது அடிமட்ட விலை உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 1 வெள்ளி என்று ஆள் கூட்டிவிட்டு, 40 வெள்ளியில் நின்றுவிட்டதே என்று பொருளை ஒளித்து வைப்பது வாக்குத் தவறுவதாகும். ஜெர்மனியில் கார் விற்றவர் படித்த பாடம் அதுதான்.

மெய்யாகவே விலக வேண்டி வந்தால், கேட்டவர் ஒவ்வொருவருக்கும் காரணத்தை உடனே எழுதுங்கள். உடைந்திருந்தால் உடைந்த படத்தை அனுப்புங்கள். அதே பொருளை மறுவாரமே வேறு பெயரில் போடாதீர்கள். தம்பியையோ நண்பரையோ விட்டு விலையை ஏற்றாதீர்கள். அது சட்டத்துக்கும் மாறானது. நம்பிக்கை ஒருமுறை போனால் அடுத்த பொருளுக்கு நல்ல விலை கேட்க எவரும் வரமாட்டார்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் இதனை வகுப்பிலும் சொல்லிக்கொடுக்க முயலுகிறோம். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏல அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து, அதில் தொடக்க விலை எது, முடியும் நேரம் எது, அஞ்சல் செலவு யாருடையது, விற்பவர் விலக இடம் உண்டா என்று தேடச் சொல்லலாம். கணக்கும் மொழியும் வாழ்க்கையும் ஒரே பாடத்தில் அமைந்துவிடும். வீட்டில் கைப்பேசியை நன்கு கையாளத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளே. தாய் தந்தையர் பணத்தை அனுப்பும் முன், “அப்பா, கொஞ்சம் பொறுங்கள், பார்த்துவிட்டு அனுப்பலாம்” என்று சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த வீட்டின் ஒரு மாதச் சம்பளம் காப்பாற்றப்படும். செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் நின்று குலை வெட்டிச் சேர்த்த பணம் அது; ஒரு விரல் தட்டலில் போய்விடக் கூடாது.

பெற்றோர்களே, பிள்ளைகள் அப்படிச் சொல்லும்போது சினம் கொள்ளாமல் ஓர் இரவு பொறுத்திருங்கள். நல்ல விற்பனையாளர் மறுநாள் காலையிலும் இருப்பார்.